மனதுக்கும் ஒரு நாள்பேடு



கடையில் எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு, யாரிடம் எவ்வளவு பாக்கி, மொத்த வியாபாரிக்குத் தவணை எப்போது என்று கேட்டால் நம்மில் பலர் நோட்டைப் பாராமலே சொல்லிவிடுவோம். "நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. சரக்கைக் கவனிக்கும் நாம், அதை விற்கும் ஆளைக் கவனிப்பதில்லை. இந்த இதழின் பாடம் அந்த ஆளைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். கடன் நோட்டு நிரம்பிக்கொண்டிருந்தது. மொத்தக் கடையிலிருந்து தினமும் போன். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்றே எண்ணி மருத்துவமனைக்கு ஓடினோம். பரிசோதனைகளைப் பார்த்த மருத்துவர் இதயத்தில் கோளாறு இல்லை என்றார். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை டீ? மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு? கடைசியாகக் கடைக்கு விடுமுறை விட்டது எப்போது?" என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு என் மனைவிதான் பதில் சொன்னார்: "மூத்தவள் கல்யாணத்துக்கு."

ஒன்றை மறக்கக் கூடாது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், 'டென்ஷன்தான்' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடலில் நடப்பது என்ன?

ஆபத்து என்று மனம் நினைத்த உடனே, சிறுநீரகங்களின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. பாம்பைக் கண்டால் விலகி ஓடுவதற்கு இந்த ஏற்பாடு நல்லது. ஆனால் வசூலாகாத பாக்கியைக் கண்டு ஓட முடியாது. அந்தப் பரபரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும், வயிறு எரியும், சிடுசிடுப்பு வரும். அதன் முதல் அடி கடை ஊழியர் மேலும் வீட்டார் மேலும் விழும்.

நம் ஊர்க் கவலைக்கும் காலண்டர் உண்டு

நாகை வணிகரின் கவலை எந்த மாதத்தில் ஏறும் என்பது பெரும்பாலும் தெரிந்ததே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. அந்த நாள்களில் கடற்கரைக் குடும்பங்கள் மளிகையைக் கடனுக்குத்தான் வாங்க முடியும். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை தள்ளிப்போனால் குறுவை சந்தேகமாகி, விவசாயக் குடும்பங்களின் பாக்கி தை அறுவடை வரை நீளும். தீபாவளிச் சரக்குக்குப் பணம் முடங்கும் நேரத்தில் புயல் பயமும் சேரும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரணியம் பக்கம் கரையேறிய கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இது தெரிந்தால் மார்ச் மாதமே ஒவ்வொரு வீட்டுக்கும் கடன் வரம்பு வைக்கலாம். மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே தவணை பேசலாம். கேட்காமல் நிறுத்தும் தவணை சண்டையாகும். முன்பே பேசிய தவணை ஏற்பாடாகும்.

நாள்பேடு எழுதும் முறை

இரவு கல்லாக் கணக்கு முடித்தபின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தியில் கவலை. "வியாபாரம் சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், "மொத்தக் கடைக்கு 40,000 ரூபாய் பாக்கி" என்று தொகையோடு எழுதவேண்டும். இரண்டாம் பத்தியில், அது நம் கையில் உள்ளதா இல்லையா என்பது. மூன்றாம் பத்தியில், நாளை செய்யும் ஒரே ஒரு காரியம்: "காலை 10 மணிக்குப் போன் செய்து, 10,000 கொடுத்து, மீதிக்குத் தேதி கேட்பது." புயல் வருவது நம் கையில் இல்லை, மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவது நம் கையில் உள்ளது.

இரண்டு வாரம் எழுதியபின் திருப்பிப் படியுங்கள். என் நோட்டில் நான் கண்டது இது: பாக்கி அதிகமான நாள்களில் அல்ல, மொத்தக் கடையின் போனை எடுக்காமல் ஒதுக்கிய நாள்களில்தான் என் தூக்கம் கெட்டிருந்தது. மறுநாள் நானே போன் செய்தேன். பாக்கி அப்படியே இருந்தது; தூக்கம் வந்தது.

அன்றாடப் பழக்கங்கள்

1. தூக்கம்: பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். கடன் நோட்டையும் செல்போனையும் படுக்கைக்குக் கொண்டு போகாதீர்கள்.

2. டீ, காபி: அவற்றில் உள்ள காஃபீன் பல மணி நேரம் உடலில் தங்கும். மாலை நான்கு மணிக்குமேல் தவிர்த்தால் நல்லது. படபடப்பைப் புகையும் புகையிலையும் அடக்குவதுபோல் தோன்றும். உண்மையில் நிகோடின் இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. மது தூக்கத்தைக் கெடுக்கிறது.

3. சாப்பாடு: மதியச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்து, கல்லாவை வேறொருவரிடம் விட்டுவிட்டு உண்ணுங்கள்.

4. நடை: வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை போதும். கடைக்குள் நடப்பது இந்தக் கணக்கில் சேராது.

5. மூச்சு: படபடப்பு வந்தால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் துடிப்பு தணியும்.

6. ஓய்வு: வாரத்தில் அரை நாளாவது கடையை மறந்திருங்கள். ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்தது. முதலாளியும் சற்று உட்காரலாம்.

வாய்விட்டுப் பேசுதல்

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகத்திலேயே அதிக உயிர்களை இழந்தது நம் மாவட்டம்தான். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மருந்துக்கு முன்னால், துக்கப்பட்டவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்பதும், அவரை அன்றாட வேலைக்குத் திருப்புவதும் அந்தப் பயிற்சியில் முக்கியம். இதைச் சக வணிகருக்கு நாமும் செய்யலாம். நாலு நாள் கடை திறக்காதவரை, கலகலப்பாக இருந்து திடீரென்று ஒதுங்கிப்போனவரைப் பார்த்தால், வீடு தேடிப் போய் விசாரியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் சோர்வும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கடனில் மூழ்கிய கடையைக்கூட, அதை நடத்தும் ஆள் நன்றாக இருந்தால் மீட்டுவிடலாம். இன்றிரவே ஒரு பழைய நோட்டை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்.