கறந்த பிறகு அரை மணி நேரம்



நம்ம மன்னார்குடி பக்கம் நெல்லுக்கு அடுத்தபடியா பல வீட்டைத் தாங்குறது கறவை மாடுதான். அறுவடைக் காசு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் வரும். பால் காசுதான் அன்றாடச் செலவுக்கு. அதை நிறுத்தும் நோய் மடிநோய். போன கார்த்திகையில் எங்கள் வீட்டுப் பசுவுக்கு வந்தது. மாடு பிழைத்தது, ஆனால் ஒரு காம்பில் பால் நின்றே போய்விட்டது. அதனால்தான் இதைப் பற்றிப் படித்து எழுதுகிறேன்.

நோய் எப்படி வருகிறது?

மடி வெளியே பார்க்க ஒன்றுதான். உள்ளே நான்கு தனித்தனிப் பகுதிகள். ஒரு பகுதியின் பால் இன்னொன்றுக்குப் போகாது. காம்பு நுனியில் உள்ள துளையைச் சுற்றி ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. கறக்கும்போது அது திறக்கும். கறந்து முடித்த பின் இறுக மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு ஈரச் சாணியில் படுத்தால் கிருமி சுலபமாக உள்ளே போய்விடும். ஈ.கோலை என்ற கிருமி சாணியில் இருந்து வருகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவை கறப்பவர் கை, துடைக்கும் துணி வழியாக ஒரு மாட்டில் இருந்து அடுத்த மாட்டுக்குத் தாவும்.

எங்க கொட்டகை மழையில சொதசொதன்னு கிடந்தது. கறந்ததும் மாடு படுத்துடும். நாங்க அதைக் கண்டுக்கவே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மடி வீங்கும், சுடும், தொட்டால் மாடு உதைக்கும். பால் திரிதிரியாக, தண்ணியாக அல்லது ரத்தம் கலந்து வரும். இன்னொரு வகை மறைந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, பால் மட்டும் குறையும். இதைக் கண்டறிய 1957இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு சோதனை வந்தது. சோப்பு போன்ற திரவத்தைப் பாலில் கலந்தால், நோயுள்ள பால் கொழகொழவென்று ஆகும். கிருமியோடு போராட வந்த வெள்ளை அணுக்கள் அதில் அதிகம் இருப்பதே காரணம்.

தடுக்கும் வழிகள்

1. கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்கவும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி.
2. முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கவும். திரி இருந்தால் பளிச்சென்று தெரியும். தரையில் பீச்சக் கூடாது.
3. கட்டைவிரலை மடக்கிக் கறக்காமல் முழுக் கையால் கறக்கவும். மடக்கிக் கறந்தால் காம்பு உள்ளே புண்ணாகும்.
4. நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்கவும்.
5. கறந்ததும் காம்புகளைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அயோடின் கரைசலில் நனைக்கவும்.
6. உடனே வைக்கோலோ பசும்புல்லோ போடவும். தின்னும் மாடு நின்றுகொண்டே இருக்கும், துளை மூடிக்கொள்ளும்.

வந்துவிட்டால்?

தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது. அந்த மருந்தைக் கண்டபடி பயன்படுத்தினால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூரிலேயே ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது. அங்குள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மூலிகை வைத்தியத்தை முறைப்படுத்தினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்க வேண்டும். செக்கச்செவேல் என்று விழுது வரும். பாலைப் பீச்சிவிட்டு, மடியைக் கழுவி, விழுதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளைக்குப் பத்து தடவை வரை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்கணும். தேசிய பால்வள வாரியம் இதை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் காய்ச்சல் அடித்து மாடு தீனி எடுக்காவிட்டால், பூச்சை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

நண்பர்களே, இன்னைக்கு சாயங்காலம் உங்க வீட்டுல பால் கறந்ததும் மாடு நிக்குதா, படுக்குதான்னு பாருங்க. படுக்கப் போனா ஒரு கட்டு வைக்கோல் எடுத்துப் போடுங்க. எங்க வீட்டுல இப்ப அது என் வேலை.

— பத்தாம் வகுப்பு மாணவி