‘ஷேக் அப்’ – ‘புரட்டிப்போடு’: பெருமாற்றம் உணர்த்தும் வினைகளின் பொருள் வேறுபாடு

முன்னுரை

நிலைத்த அமைப்பொன்று குலைந்து மாறுவதை ஆங்கிலம் ‘ஷேக் அப்’ என்னும் தொடர்வினையால் குறிக்கும். தமிழ்ச் செய்தி நடையில் இதற்கு ஈடாகப் ‘புரட்டிப்போடு’ என்பது ஆளப்படுகின்றது. இவ்விரண்டும் ஒருபொருளனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

வடிவமைப்பு

ஆங்கிலத்தில் வினையடியை அடுத்து ‘அப்’ என்னும் இடைச்சொல் வருகின்றது. அது இங்கு மேல்திசையைக் குறிக்காமல் செயலின் முழுமையை உணர்த்துகின்றது. எனவே ‘மேலே உலுக்கு’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. தமிழில் அப்பணியை வினையெச்சத்தை அடுத்து வரும் துணைவினை ஆற்றுகின்றது. ‘புரட்டிவிட்டது’ என்பது செயல் முடிந்தமையைக் காட்டும். ‘புரட்டிப்போட்டது’ என்பது புரண்டதை அந்நிலையிலேயே கிடக்கவிட்டமையையும் காட்டும். துணைவினைகள் பேசுவோரின் மனப்பாங்கையும் ஏற்று வருதலை இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட தமிழ் வினைவிரிவு பற்றிய நூலில் விளக்கியுள்ளார்.

வயல் வழக்கும் செய்தி வழக்கும்

தென்காசி வட்டார இலத்தூர் போன்ற குளத்துப் பாசன ஊர்களில் கார், பிசானம் என்பன நெற்பருவங்கள். பிசான அறுவடைக்குப் பிந்தைய கோடை உழவில் மண்ணைப் புரட்டிப்போட்டுக் காயவிடுவது உழவு முறை. இதனையடுத்துத் தொளி உழவும் நடவும் நிகழும். எனவே வயலில் இவ்வினை ஆக்கத்தின் முதற்படியாகின்றது. ‘2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைப் புரட்டிப்போட்டது’ என்னும்போதோ அடுத்த படி இல்லை, அழிவே எஞ்சுகின்றது.

சொற்பிறப்புச் சான்று

வறள் – வறட்சி, திரள் – திரட்சி என்பன போலப் புரள் என்னும் தன்வினையிலிருந்து ‘புரட்சி’ பிறக்கின்றது. 1917ஆம் ஆண்டு ருசிய மாற்றத்தைப் பாடிய பாரதி இச்சொல்லையே ஆண்டார். பிறவினையாகிய ‘புரட்டு’ பெயராகும்போது ஏமாற்று என்னும் பொருள் தருகின்றது. தானே புரள்வதை உயர்த்தியும் பிறர் புரட்டுவதை ஐயுற்றும் நோக்கும் மதிப்பீடு இவ்விரு பெயர்களிலும் படிந்துள்ளது.

முடிவுரை

‘ஷேக் அப்’ என்பதில் சீரமைப்பு என்னும் பொருளும் அடங்கும். ‘புரட்டிப்போடு’ என்பதில் அது தானாக அடங்காது. நிறுவனம் ஒன்றின் நிருவாக மாற்றத்தை இவ்வினையால் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத பழி மொழிபெயர்ப்பில் ஏறிவிடும். சீரமைப்புக் கருதிய இடத்தில் ‘மாற்றியமை’ என்பதும், அதிர்ச்சி மட்டும் கருதிய இடத்தில் ‘உலுக்கிவிடு’ என்பதும், மீளாக் குலைவு கருதிய இடத்தில் ‘புரட்டிப்போடு’ என்பதும் பொருந்தும். துணைவினையைத் தேர்வது மொழிபெயர்ப்பாளர் வழங்கும் தீர்ப்பும் ஆகும்.