தேய்ந்த கிளச் பிளேட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் முன்பெல்லாம் ரயிலேறி ஊருக்குப் போவதுதான். இன்று பலர் மோட்டார் சைக்கிளில் மணாலி, ஸ்பிதி, லடாக் என்று கிளம்பிவிடுகிறார்கள். 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற கரடுமுரடான பாதைக்கான வண்டிகள் நம் குடியிருப்புகளிலும் நிற்கின்றன. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இவ்வண்டிகளின் கிளச் பற்றி இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறேன்.

ஏன் தேய்கிறது?

இவ்வண்டிகளின் கிளச் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்வது. உராய்வுப் பூச்சுள்ள பிளேட்டுகளும் வெறும் எஃகுப் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்தி ஒன்றாகச் சுழல வைக்கின்றன. லீவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும். பாதி பிடித்தால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வழுக்கலே சூடு, சூடே தேய்மானம்.

4,500 மீட்டருக்கு மேலான குன்சும் கணவாய் போன்ற இடங்களில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். எஞ்சினின் சக்தியும் அதற்கேற்பக் குறையும். பின்னால் ஒருவர், இருபுறமும் மூட்டை, வழியில் ஓடை. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பாதிக் கிளச்சிலேயே ஏறுவார். நகரில் பல மாதங்களில் தேய்வது அங்கே ஒரே நாளில் தேயலாம். ஏற்றத்தின் நடுவே கிளச் பிடி விட்டால், மெக்கானிக் கிடைக்கும் ஊர் வெகு தூரத்தில் இருக்கும்.

முதலில் காரணம் தேடுங்கள்

சமதரையில், மேல் கியரில் செல்லும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பாருங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. "பிளேட் கயா, சாப்" என்று கடைக்காரர் உடனே சொல்வார். அதை ஏற்குமுன் செலவில்லாத இரண்டு சோதனைகள்:

முதலாவது, லீவரின் நுனியில் தளர்வு இருக்கிறதா? பல வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் கேபிள் எப்போதும் கிளச்சைச் சற்றே விலக்கி வைத்திருக்கிறது என்று பொருள். கேபிளைச் சரிசெய்தாலே போதும்.

இரண்டாவது, என்ன ஆயில்? டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி வேண்டும். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அதை ஊற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் கழற்றுங்கள். வாரண்டி உள்ள வண்டியாக இருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

செய்முறை

1. புதுப் பிளேட்டுகளை முந்தைய இரவே, வண்டிக்கு ஊற்றும் அதே ஆயிலில் ஊற வையுங்கள். உலர்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும்.

2. வண்டியை அசையாமல் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் ஆயிலை வடியுங்கள். கிளச் பெரும்பாலும் வலப்பக்க மூடிக்குள் இருக்கும். மறைக்கும் பிரேக் பெடல், கேபிள் ஆகியவற்றைக் கழற்றுங்கள்.

3. மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை அதே இடத்தில் குத்தி வையுங்கள். மூடி வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாகாது. பரப்பில் கீறல் விழுந்தால் ஆயில் கசியும்.

4. ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுக்கும் வரிசையிலேயே ஒரு துணிமேல் அடுக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. சில எஞ்சின்களில் அளவு மாறிய ஒரு பிளேட்டோ வளைந்த வாஷரோ இருக்கும்; அதன் இடம் மாறக்கூடாது.

5. இனி அளவு எடுங்கள். ரயில்வேயில் எல்.எச்.பி. பெட்டியின் சக்கரம் புதிதில் 915 மி.மீ. விட்டம், தேய்ந்து 845 மி.மீ. ஆனால் கழித்துவிட வேண்டும். அங்கே கண் மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. கிளச்சிலும் அப்படியே. உராய்வுப் பிளேட்டின் கனம் பல வண்டிகளில் சுமார் 3 மி.மீ. இருக்கும். 0.2 முதல் 0.3 மி.மீ. குறைந்தாலே ஆயுள் முடிந்தது. மூன்று தாள் கனம்கூட இல்லாத இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. வெர்னியரால் நான்கு இடங்களில் அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

6. எஃகுப் பிளேட்டைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து, ஃபீலர் கேஜை அடியில் நுழைத்து நெளிவு பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் மிகவும் சூடேறியது, மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளந்து பாருங்கள். சோர்ந்த ஸ்பிரிங்கோடு புதுப் பிளேட் போட்டால் நோய் திரும்பி வரும்.

7. பிளேட்டின் காதுகள் பதியும் வெளிக்கூட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். ஆழமாக இருந்தால் கூட்டையும் மாற்ற வேண்டும்.

8. அதே வரிசையில் மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். உள்ளே அலுமினிய மரை. நீண்ட பிடியால் பலம் கொடுத்தால் மரை உரிந்துவிடும். புது கேஸ்கெட் போட்டு மூடி, ஆயில் ஊற்றி, லீவரின் தளர்வைச் சரிசெய்யுங்கள்.

பயணத்துக்கு முந்தைய நாள் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். ஒரு வாரம் முன்பே முடித்து, ஊருக்குள் நிதானமாக ஓட்டி, கசிவும் தளர்வும் பாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் எடுக்கும் கடையில் கொடுங்கள்.

மலையில் ஏறும்போது பாதிக் கிளச்சில் இழுக்காமல் முதல் கியருக்கு இறங்குங்கள். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கிளச்சால் வண்டியைத் தாங்காமல் பிரேக்கால் தாங்குங்கள். இந்த இரண்டு பழக்கங்கள் இருந்தால், நான் எழுதிய எட்டுப் படிகளுக்கும் நெடுநாள் வேலையிராது.