ஆண்களுக்கான குடிநோய்ச் சிகிச்சை: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

குடிநோயிலிருந்து மீள வரும் ஆண்களுக்குத் தனிப்பிரிவு எதற்கு என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. மது உடலுக்குச் செய்யும் கேடு இருபாலர்க்கும் உண்டு. ஆனால் குடிப்பதற்கான காரணமும், அதை மறைக்கும் விதமும், உதவி கேட்பதில் உள்ள தயக்கமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் வேறுபடுகின்றன.

சிகிச்சையின் முதற்படி உடலைச் சார்ந்தது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் சிலருக்குக் கடும் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் உண்டாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவரை அறையில் பூட்டி வைத்து வீட்டிலேயே குடியை நிறுத்த முயலாதீர்கள். மருத்துவமனையில் அமைதிப்படுத்தும் மருந்துகளும் தயாமின் எனும் பி1 வைட்டமினும் கொடுத்து இக்கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்கச் செய்கிறோம்.

அடுத்த படி மனத்தைச் சார்ந்தது. தனிப்பிரிவின் பயன் இங்கேதான் விளங்கும். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் கடன், வேலையிழப்பு, ஆண்மைக்குறைவு, சிறுவயதில் பட்ட அடி ஆகியவற்றை எவரிடமும் சொல்வதில்லை. அதே துன்பத்தைப் பட்ட இன்னொருவர் குழுவில் முதலில் பேசும்போது, இவரும் மெல்ல வாய்திறக்கிறார். குடி ஆண்மையைக் கூட்டும் என்ற எண்ணம் தவறு என்பதையும், நெடுநாள் குடி அதைக் குறைக்கும் என்பதையும் கூச்சமின்றிக் கேட்டறிகிறார். மனைவியை அடித்ததற்கு மதுவின் மேல் பழிபோடாமல், தாமே பொறுப்பேற்கவும் குழுவில் பழகுகிறார்.

உள்நோயாளியாகத் தங்குவது, புறநோயாளியாக வந்து செல்வது, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற சுய உதவிக் குழுக்களில் சேர்வது என வழிகள் பல. குடிவேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உள்ளன. டைசல்ஃபிராம் மருந்தை அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுப்பது பேராபத்து. அதன்மேல் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்து, இதயமும் பாதிக்கப்படலாம். அவர் முழுமனத்துடன் ஒப்பினால் மட்டுமே மருத்துவர் அதைத் தருவார்.

மீண்டவர் மறுபடியும் குடித்துவிட்டால், எல்லாம் வீணாயிற்று என்று கைவிட்டுவிடாதீர்கள். திரும்பத் தலைதூக்குவது இந்நோயின் இயல்பு. தாமதிக்காமல் மீண்டும் அழைத்து வாருங்கள். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமல்லர். ஆயினும் உங்களுக்கும் ஆறுதல் தேவை. குடும்பத்தினருக்கான ஆலோசனைக்கு நீங்கள் தனியாகவும் வரலாம்; அவர் சிகிச்சைக்கு இணங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 14446 என்ற தேசியக் கட்டணமில்லா உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். அடிக்கோ உயிருக்கோ அஞ்சும் நிலை வந்தால், முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.