ராக்கெட்டில் போவதே விண்கலம்

அன்புள்ள வாசகருக்கு,

கோல சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகள் ‘விண்கலம்’ என்கிறாள், வீட்டுப் பெரியவர்களோ மேலே போவது எதுவானாலும் ‘ராக்கெட்’ என்கிறார்கள், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் குறிக்கும் பொருள் வேறு வேறு.

சுமந்து செல்வது ராக்கெட். அது கொண்டுபோய் விடுவது விண்கலம். எடுத்துக்காட்டாக, நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் 2007 அக்டோபர் 10 அன்று பைக்கனூரிலிருந்து புறப்பட்டார். ராக்கெட்டின் வேலை சுமார் ஒன்பது நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதன்பின் இரண்டு நாள் பயணம் செய்து அனைத்துலக விண்வெளி நிலையத்தைச் சேர்ந்தது சோயுஸ் டிஎம்ஏ-11 விண்கலம். ராக்கெட்டுக்கும் சோயுஸ் என்றே பெயர். குழப்பம் வருவது இயல்புதான். அக்டோபர் 21 அன்று அவர் திரும்பியது டிஎம்ஏ-10 என்ற வேறொரு கலத்தில். அதிலும் ஆட்கள் அமர்ந்திருந்த பகுதி மட்டுமே தரைக்கு வந்தது.

ஆளில்லாமல் போவதும் விண்கலமே. உங்கள் கூரையில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி டிஷ் இருந்தால், அது சற்று மேற்கே சாய்ந்து வானைப் பார்ப்பதைக் கவனியுங்கள். அந்தத் திசையில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஆஸ்ட்ரோ ஒளிபரப்பை அனுப்பும் மீசாட் இருக்கிறது. முதல் மீசாட்டை 1996 ஜனவரியில் ஏரியான் 4 ராக்கெட் ஏற்றிச் சென்றது. பூமியைச் சுற்றுவதால் மீசாட்டுக்குச் செயற்கைக்கோள் என்ற தனிப்பெயரும் உண்டு. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 நிலவுக்குப் போனது. அதை விண்கலம் என்பதே பொருத்தம். விண்ணோடம் என்ற சொல்லை, 1981 முதல் 2011 வரை விமானம்போல் தரையிறங்கிய அமெரிக்க ஊர்திகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மகளின் மலாய்ப் பாடத்தில் விண்கலம் ‘கப்பால் அங்காசா’ என்று வரும். அந்தக் கப்பால் நம் கப்பல்தான். பழந்தமிழில் கலம் என்பதற்கு மரக்கலம் என்ற பொருளும் உண்டு. ஆகவே அவள் எழுதும் சொல் இரு மொழியிலும் ஒரே வழியில் பிறந்தது.

பெரியவர்களைத் திருத்த வேண்டாம். ஏவுதல் செய்தி வரும்போது ஏற்றிவிட்டது எது, போய் வேலை செய்வது எது என்று மகளைச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு தானாகத் தெளிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்