வயிறு அமைதியா இருக்கு... எத்தனை நாளைக்கு?

மோட்டார் கம்பெனிக்கு இன்டெர்ன்ஷிப் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேரிங் தேயுற சத்தம் நம்ம காதுக்கு வர்றதுக்கு முன்னாடியே வைப்ரேஷன் சென்சார் காட்டிக்கொடுத்துடும். இந்த வேலையைப் பெருங்குடலுக்குச் செய்ய முடியுமா?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலின் உட்சுவர் அழற்சியில் புண்ணாகி, ரத்தமும் சளியுமாக மலம் போகும் நோய். பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்குள், அதாவது நம்ம வயசுல தொடங்கும். வெள்ளைக்காரங்க நோய்னு ஒதுக்கிடாதீங்க. பஞ்சாபில் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் லட்சத்துக்கு 44 பேருக்கு இருந்தது.

மருந்தில் நோய் அடங்கியிருக்கும் காலம்தான் ரெமிஷன். ஆனால் வயிற்றுவலி, ரத்தம் எல்லாம் நின்ற பிறகும் குடல்சுவருக்குள் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் சண்டை போட்டுக்கிட்டே இருக்கலாம். அவற்றில் நிறைய இருக்கும் புரதம் கால்புரொடெக்டின். அணுக்கள் குடலுக்குள் கசியும்போது அது மலத்தில் சேரும், சீக்கிரம் சிதையாது. சின்ன டப்பாவில் சாம்பிள் கொடுத்தால் போதும், கேமரா குழாய் வேண்டாம். நம்ம சென்சார் இதுதான்.

2000-இல் வந்த ஒரு லண்டன் ஆய்வு, ரெமிஷனில் இருந்த கொலைட்டிஸ், கிரோன்ஸ் நோயாளிகளை ஒரு வருஷம் கவனித்தது. நோய் திரும்பியவர்களில் 90 சதவீதம் பேரை இந்த டெஸ்ட் முன்கூட்டியே பிடித்தது. திரும்பாதவர்களில் 83 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. சூப்பர்ல? கொஞ்சம் பொறுங்க, நாம மெஷின் லேர்னிங் படிச்சவங்க. 100 பேரில் 30 பேருக்கு நோய் திரும்பும்னு வெச்சுக்குங்க. 27 பேர் சிக்குவாங்க. மீதி 70 பேரில் 12 பேருக்குப் பொய் அலாரம். ஆக, அலாரம் அடிச்ச 39 பேரில் மூணுல ஒருத்தர் சும்மா பயந்தவர். 10 பேருக்குத்தான் திரும்பும்னா? 9 பேர் சிக்க, 15 பேருக்குப் பொய் அலாரம்! டெஸ்ட் அதேதான், ஆள்கள்தான் மாறிட்டாங்க. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை போட்டிருந்தாலும் அளவு ஏறும், அதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

அதனாலதான் 2023 அமெரிக்க வழிகாட்டுதல் நிதானமா பேசுது. அறிகுறி இல்லாதவருக்கு ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அமைதினு எடுத்துக்கலாம். அதிகமா இருந்தால் உடனே மருந்தை மாற்றாமல், எண்டோஸ்கோப்பி பார்த்து முடிவு செய்யணும்.

என்னைக் கேட்டா, இதைவிட மலிவான சென்சார் மாத்திரை அட்டைதான். 2003-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ரெமிஷனில் மெசலமைன் எடுத்துவந்த 99 பேரைப் பின்தொடர்ந்தாங்க. ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ரெமிஷனிலேயே நீடிக்கும் வாய்ப்பு 89 சதவீதம். விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு 39. ஹாஸ்டல் ரூம்மேட் "நல்லாத்தான இருக்கேன், எதுக்கு மாத்திரை?"ன்னு அட்டையை மூட்டை கட்டினா, இந்த ரெண்டு நம்பரையும் காட்டுங்க.