தைக் குளிருக்கு முன் லயத்து வீட்டில் செய்யவேண்டியவை

மழை ஓய்ந்து வானம் தெளியத் தொடங்கிவிட்டது. நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி விழும் காலம் இதுதான். முகில் மூடிய இரவில், நிலம் விடும் வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். வானம் வெளித்திருந்தால் திரும்பி வருவது குறைவு. பொழுது சாய்ந்ததும் காற்றடங்கி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால், மரக்கறிப் பாத்தியைச் சாக்கால் மூடிவிடுங்கள். பள்ளத்துப் பாத்திக்கே முதலிடம். கனத்த குளிர்காற்று அங்கேதான் இறங்கித் தேங்கும்.

கூரைத் தகரமும் அப்படியே வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. விடியற்காலையில் சொட்டுவதெல்லாம் ஒழுக்கல்ல. நம் மூச்சும் சோற்றுப்பானை ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகின்றன. கழுவிக் காயவைத்த உரச் சாக்குகளைத் தைத்து, தகரத்துக்கு ஒரு சாண் கீழே, படுக்கைக்கு மேல் மட்டும் கட்டுங்கள். இடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கும். அடுப்புப் பக்கம் கட்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். தரையில் படுப்பவரிடம் இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றைக் கீழே விரிக்கட்டும். மேலே இரண்டையும் போர்த்திக்கொண்டு நடுங்குவதில் பயனில்லை.

இனி விறகு. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்கு, அதை முழுக்க ஆவியாக்கத் தேவை. ஈர மிலாறை எரித்தால் நெருப்பின் வேலையில் ஒரு பங்கு அதிலேயே போகிறது, புகையும் கூடும். ஆகவே கவ்வாத்து மிலாறை இப்போதே இஸ்தோப்பில், காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள். கொதித்த பானைக்கும் இதே கணக்குத்தான். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த பானையில் அதற்குமேல் ஏறாது. கொதி வந்ததும் மூடி போட்டுத் தீயைக் குறையுங்கள். பருப்பு வேக நேரமெடுப்பது பருப்பின் குற்றமல்ல.

மிக முக்கியமானது: கதவை அடைத்துக்கொண்டு காம்பராவுக்குள் தணல் சட்டி வைத்துப் படுக்காதீர்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். சமையலறைப் புகைபோக்கியையும் குளிருக்குப் பயந்து அடைக்கவேண்டாம். தலையிடி, குமட்டல், மயக்கம் என்றால் உடனே வெளியே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மின் ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் வயரிங்கைப் பாருங்கள். 2,000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் ப்ளக் அதைத் தாங்காது. பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ரப்பர் சுடுதண்ணிப் பையே போதும். கொதிநீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, துணி சுற்றி, படுப்பதற்கு முன் கால்மாட்டில் வையுங்கள். பிள்ளை படுத்ததும் எடுத்துவிடுங்கள்.